உப்புப் போட்ட விரதம்

எனக்கு எழுத்து நேராக வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோனது. அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் ரேஷன் கடையில் போட்ட கையெழுத்துத்தான். ஞாபகமும் இப்போது கோடைக் கண்மாய் மாதிரி, ஒரு பக்கம் தண்ணீர் நிற்கிறது, ஒரு பக்கம் வெடித்துக் கிடக்கிறது. முந்தி நடந்ததைப் பிந்தி எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். ஆனாலும் இந்தப் பங்குனியில் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. எழுத்து கோணிக்கொண்டு போகிறது. மாத்திரையால் இல்லை, சந்தோஷத்தால்.

நான் பிறந்ததும் வாக்கப்பட்டதும் ஒரே ஊர்தான். ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கம், கண்மாய்த் தண்ணீரில் நெல் விளைகிற ஊர். வீட்டுக்காரர் போன பிறகு எனக்கு ஒன்றுமே பிடிக்காமல் போய்விட்டது. அழுகை வந்திருந்தால் தேவலை; அதுவும் வரவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுவேன். வைக்காவிட்டால் கேட்க மாட்டேன். வாசலில் ஆடு வந்து நெல்லைத் தின்றால் பார்த்துக்கொண்டே இருப்பேன். "புருசன் போன துக்கம், தானாச் சரியாப்போகும்" என்று ஊர் விட்டுவிட்டது. என் மருமகள் விடவில்லை. ராமநாதபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மனநலப் பிரிவு என்று போட்டிருந்ததைப் படித்துவிட்டு நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"இது கிறுக்குப் பிடிச்சவங்க வர்ற எடம்ல?"

"இல்லத்தே. ஆட்டுக்கு நெல்லைக் குடுத்துட்டு உக்காந்திருக்கவங்க வர்ற எடம். வாங்க."

அங்கே ஒரு மாத்திரை கொடுத்தார்கள். தூக்கம் வந்தது. சாப்பாடும் இறங்கியது. குறை சொல்லக் கூடாது, அந்த மாத்திரைதான் என்னைப் பாயிலிருந்து எழுப்பி உட்கார வைத்தது. ஆனால் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தேன். வாய் எந்நேரமும் வறண்டு நாக்கு அண்ணத்தில் ஒட்டும். பகலெல்லாம் ஒரு மப்பு. ஊரில் முளைப்பாரித் திருவிழா வரும், போகும். முன்பெல்லாம் நான் ஒரு வருசம் தவறாமல் முளைப்பாரி தூக்கினவள். குலவை போட்டால் அடுத்த தெருவுக்குக் கேட்கும் என்பார்கள். வாயைத் திறந்து பேசத்தான் கூச்சம், குலவைக்கு எனக்குக் கூச்சம் கிடையாது. அந்தக் குலவையே தொண்டையில் இல்லாமல் போய், கொட்டுச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன்.

இந்த வருசம் அறுப்பு முடிந்த சமயம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது புதிதாக ஒரு டாக்டரம்மா இருந்தார். ராமேஸ்வரம் பக்கத்துப் பிள்ளை, கடலுக்குப் போகிற வீடு. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"தூக்கம் வருது, சாப்பிடுறீங்க. சரி. சந்தோசம் வருதாம்மா?"

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நான் தரையைப் பார்த்துச் சொன்னேன். "வருசா வருசம் முளைப்பாரி வருது தாயி. எனக்குத்தான் ஒண்ணும் வரல."

டாக்டரம்மா என் பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்தார். அப்புறம், மாத்திரையை மாற்றிப் பார்ப்போம் என்றார். எனக்கு உடம்பெல்லாம் ஒரு துடிப்பு. "நாளைக்கே மாத்திரலாமா? பங்குனியில எங்க ஊர்ல முளைப்பாரி" என்று கேட்டுவிட்டேன். நானா கேட்டேன் என்று மருமகள் திரும்பிப் பார்த்தாள்.

டாக்டரம்மா சிரித்தார். "கடல்ல ஒரு வள்ளத்துல இருந்து இன்னொரு வள்ளத்துக்கு மாறுறதைப் பாத்திருக்கீங்களா? குதிச்சா விழுந்துருவோம். ரெண்டுலயும் கால வச்சுக்கிட்டே நின்னாலும் விழுந்துருவோம். ரெண்டையும் கிட்டக்க அணைச்சுப் பிடிச்சு, மெதுவா ஒரு கால், அப்புறம் மறு கால். உங்களுக்கு அப்பிடித்தான் மாத்தப் போறேன். எல்லா மாத்திரைக்கும் இப்பிடிச் செய்ய முடியாது. சிலதை நிறுத்திட்டுக் கொஞ்ச நாள் சும்மா இருந்துதான் அடுத்தது போடணும். அதனால நீங்களா எதையும் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது."

பிறகு வேறு என்னென்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று தோண்டித் தோண்டிக் கேட்டார். பிரஷர் மாத்திரையைச் சொன்னேன். முட்டி வலிக்குக் கடையில் வாங்கிப் போடுவதைச் சொல்லவில்லை. மருமகள் காட்டிக்கொடுத்துவிட்டாள். "அதத்தான் முதல்ல கேக்கணும்னு இருந்தேன். இனி கடையில வாங்கிப் போடக் கூடாது" என்றார் டாக்டரம்மா. சளிக்கு வாங்கும் டானிக், நாட்டு மருந்து, லேகியம் எல்லாவற்றையும் தன்னிடம் கேட்டுத்தான் சாப்பிட வேண்டுமாம். காய்ச்சல், நடுக்கம், வேர்வை, நெஞ்சு படபடப்பு, இருப்புக் கொள்ளாமல் தவிப்பு, இல்லை செத்துப்போகலாம் என்கிற மாதிரி நினைப்பு, இதில் எது வந்தாலும் சொன்ன தேதிவரைக்கும் காத்திருக்காமல் உடனே வர வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

"வயசானவங்களுக்கு இந்தப் புது மாத்திரையில ரத்தத்துல உப்புச் சத்து குறையலாம். தலை கிறுகிறுன்னு வந்தா வந்துருங்க, ரத்தம் எடுத்துப் பாக்கணும்" என்றும் சொன்னார்.

மருமகள் சிரித்தாள். "சாயல்குடி உப்பளத்துல பாதி எங்க அத்தை கொழம்புலதான் டாக்டர் கெடக்கு."

பழைய மாத்திரை ராத்திரிக்கு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து. புதுசு காலையில், சாப்பிட்ட பிறகு, முதலில் சின்ன அளவு. மாத்திரை உறையில் சூரியனும் நிலாவும் போட்டுக் கொடுத்தார்கள். சட்டென்று ஒன்றும் தெரியாது, சில வாரம் ஆகும் என்றும் சொல்லி அனுப்பினார்.

எதிர்பார்க்கக் கூடாது என்றால் எதிர்பார்க்காமல் இருக்க முடியுமா? தினமும் காலையில் என்னையே நான் மோந்து பார்ப்பதுபோல இருந்தேன். வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று. முதலில் வயிற்றைப் புரட்டியது, என்னென்னவோ கனவு வந்தது, அவ்வளவுதான். அப்புறம் ஒரு நாள் களத்தில் மிளகாய் காயப்போட்டிருந்த பக்கமாக நடந்தேன். காற்றுத் திரும்பிக் காரம் மூக்கில் ஏறி அடுக்கடுக்காகத் தும்மினேன். தும்மி முடித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்றுமில்லாததற்கு! களத்தில் நின்றவர்கள் பார்க்கிறார்களே என்று முந்தானையால் வாயை மூடினேன். மூடின முந்தானைக்குள்ளும் சிரிப்பு நிற்கவில்லை.

அந்தச் சூட்டோடு என் மதினி வீட்டுக்குப் போனேன். மதினி, காலமாகிவிட்ட என் அண்ணனின் சம்சாரம். எங்கள் ஊரில் அம்மனுக்கு எடுக்கிற முளைப்பாரிக்குப் பொறுப்பு அவள்தான். காப்புக் கட்டுகிற நாளில் வீட்டுக்கு வீடு பயறு வாங்கி, எருவும் வைக்கோலும் போட்ட சட்டிகளில் விதைத்து, வெளிச்சம் படாத வீட்டுக்குள் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். சாயங்காலம் பெண்கள் சுற்றி நின்று கும்மி கொட்டுவார்கள். கடைசி நாள் அவரவர் சட்டியைத் தலையில் வைத்து ஊர்வலமாகக் கொண்டுபோய்க் கண்மாயில் கரைப்பார்கள். காப்புக் கட்டிவிட்டால் ஊரைச் சேர்ந்தவர்கள் வெளியூரில் ராத் தங்கக் கூடாது. தங்கினால் அவர்கள் சட்டி அந்த வருசம் அவர்கள் தலையில் ஏறாது. வேறு யாராவதுதான் தூக்க வேண்டும்.

"எனக்கும் ஒரு சட்டி வையி மதினி" என்றேன்.

மதினி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "யாரு, நீயா? தூங்கிக்கிட்டே தூக்குவியா?"

"முழிச்சுக்கிட்டேதான் தூக்குவேன்."

"அடி ஆத்தீ, வாயப் பாரு! சரி, ஒரு பொழுது இருக்கணும். மத்தியானம் ஒரு வேளைச் சோறு. உப்பு ஆகாது. முடியுமாடி?"

முடியும் என்று தலையை ஆட்டிவிட்டு ஓடி வந்தேன். இந்த வயதில் ஓடினேன் என்றால் நம்புவீர்களா?

இங்கேதான் கோளாறு. காலை மாத்திரை சாப்பிட்ட பிறகு போட வேண்டியது. நானோ காலையில் சாப்பிடுவதில்லை. சாப்பாடு இல்லை என்றால் மாத்திரையும் இல்லை என்றுதான் எனக்குப் புரிந்தது. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு போடலாமா என்று கேட்கத் தோன்றவில்லை. மருமகள் விடிந்தால் மிளகாய்க் களத்துக்குப் போய்விடுவாள், அவளும் கவனிக்கவில்லை. ராத்திரி மாத்திரை ஏற்கெனவே பாதியாகியிருந்தது. ஆக, பழைய வள்ளத்திலும் பாதிக் கால், புது வள்ளத்தில் காலே இல்லை. அதோடு உப்பில்லாச் சோறு, பசிக்குச் செம்பு செம்பாகத் தண்ணீர்.

பயறு முளைவிட்டு விரல் உயரம் வந்திருந்தது. வெயில் படாத முளை வெளிர் மஞ்சளாக, பால் வாசனையோடு நிற்கும். அன்று சாயங்காலம் இருட்டு வீட்டுக்குள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். வெளியே பெண்கள் கும்மிக்குக் கூடியிருந்தார்கள். தலைக்குள் சுரீர் சுரீரென்று கரண்டு தட்டினாற்போல இருந்தது. சுவரைப் பிடித்தேன், சுவர் என் கையைவிட்டு நகர்ந்தது. எப்படியோ வாசல்வரை வந்தேன். கால் நிலைகொள்ளாமல் ஆடியது.

மதினி என்னைப் பார்த்தாள். பார்த்தவள் கையை உயர்த்திக் கத்தினாள்:

"ஆத்தா வந்துட்டாடி! கொலவை போடுங்கடி!"

குலவை காதைக் கிழித்தது. யாரோ என் நெற்றி நிறையத் திருநீற்றை அப்பினார்கள். கூந்தலை அவிழ்த்துவிட்டார்கள். நாலு பேர் முன்னால் பேசக் கூசுகிற என்னை ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். "ஆத்தா இல்ல மதினி, மாத்திரை" என்று சொல்லத்தான் பார்த்தேன். வாய் ஒட்டிக்கொண்டது. "தண்ணி… தண்ணி…" என்றுதான் வந்தது.

"தண்ணி கேக்குறா! தாயி, இந்த வருசம் கம்மா பெருகுமா, பெருகாதா? சொல்லு தாயி!"

"எனக்குத் தலை சுத்துதுடி!"

"தலை சுத்துதாம்! காத்தும் மழையும் சுத்தி அடிக்கப்போகுதுன்னு சொல்றா!"

நல்லவேளை, என் மருமகள் களத்திலிருந்து வந்து சேர்ந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "அத்தே, காலையில மாத்திரை போட்டீங்களா?" ஆத்தாவிடம் கேட்கிற கேள்வியா இது என்று ஒருத்தி முணுமுணுத்தாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். நேற்று? இல்லை. முந்தாநாள்? தலையைக் குனிந்துகொண்டேன். குலவை ஒவ்வொன்றாக நின்றது.

மதினிக்கு வெட்கமாகிவிட்டது. வெட்கத்தை மறைக்க உடனே வைத்தியம் சொன்னாள். "அதுக்கென்னடி, விட்டதையெல்லாம் சேத்து ஒரே மடக்குல முழுங்கச் சொல்லு. சரியாப்போகும்."

"பெரியம்மா, விட்டதைச் சேத்துப் போடவே கூடாது. ஆளைத் தூக்கிரும்" என்ற மருமகள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். டூட்டியில் இருந்த நர்சம்மா எல்லாம் கேட்டார். காய்ச்சல் இருக்கிறதா, கை நடுங்குகிறதா, பேச்சுக் குழறுகிறதா, ஆள் தெளிவாக இருக்கிறாரா என்று கேட்டார். தெளிவாகத்தான் இருந்தேன், அதனால்தானே அந்த வெட்கம். டாக்டரம்மாவிடம் கேட்டுத் திரும்பப் போன் செய்தார். இப்போதே கொஞ்சம் உப்புப் போட்ட கஞ்சி கொடுங்கள், தனியே நடக்கவிடாதீர்கள், இன்னும் மோசமானால் 108-ஐக் கூப்பிட்டு உடனே வந்துவிடுங்கள், இல்லையென்றால் விடிந்ததும் முதல் பஸ்ஸில் வாருங்கள், ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

கஞ்சி குடித்ததும் கிறுகிறுப்புக் கொஞ்சம் அடங்கியது. ஆனால் மனசு அடங்கவில்லை. அட்மிட் ஆகச் சொல்லிவிட்டால்? ஒரே ஒரு ராத்திரி ராமநாதபுரத்தில் படுத்தாலும் என் சட்டி என் தலைக்கு இல்லை. எத்தனை வருசத்துக்குப் பிறகு ஒன்றுக்கு ஆசைப்பட்டேன். பஸ்ஸில் போகும்போது ஆத்தாளை வேண்டிக்கொண்டே போனேன். "நேத்து என் மேல வந்ததாச் சொன்னாகளே, அது உண்மையோ பொய்யோ, இன்னைக்கு நெசமாவே வந்து என்னைக் காப்பாத்திரு."

ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட்டுக்குக் காத்திருந்த பெஞ்சு எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பக்கத்தில் திருப்புல்லாணியிலிருந்து வந்த ஒரு அம்மா பேத்திக்கு முறுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். அந்த முறுக்கிலிருந்து உப்பு வாசனை வந்ததுபோல எனக்கு ஒரு நினைப்பு. மருமகள் ஆஸ்பத்திரிச் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். பயத்தில் இருக்கிறாள் என்று அவள் கைவிரலைப் பார்த்தே தெரிந்தது.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நெற்றியோரத்தில் இன்னும் ஒட்டியிருந்த திருநீற்றைப் பார்த்தார். மருமகள் நடந்ததைச் சொன்னாள். சாமி வந்த கதையைக் கேட்டதும் டாக்டரம்மா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"உப்புக் கொஞ்சம் எறங்கியிருக்கு. பயப்படுற அளவுக்கு இல்ல. ஆனா இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா வேற மாதிரி ஆகியிருக்கும். மாத்திரையைச் சட்டுனு விட்டதுக்கும் தலைக்குள்ள அப்பிடி இழுக்கும். விரதம் இருக்கப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மாத்திரை நேரத்தை மாத்திக் குடுத்திருப்பேனே?"

"கேக்கக் கூச்சமா இருந்துச்சு தாயி."

"என்கிட்ட கூச்சப்படலாம். மாத்திரைகிட்ட கூச்சப்படக் கூடாது."

மூணு வேளையும் உப்புப் போட்டுச் சாப்பிட வேண்டும். தாகத்துக்கு மேல் தண்ணீரை அள்ளி அள்ளிக் குடிக்கக் கூடாது. புது மாத்திரையை இன்றைக்கு உரிய அளவு மட்டும் போட வேண்டும். பழையதை இப்போதைக்கு மேற்கொண்டு குறைக்க வேண்டாம், திருவிழா முடியட்டும். மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் மருமகள் மனப்பாடமாகச் சொல்லிக்காட்டினாள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "ராத் தங்கணுமா?"

"வீட்டுக்குப் போங்க."

"சட்டி தூக்கலாமா?"

"அதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து காட்டுங்க. ரத்தம் சரியா இருந்து தலையும் சுத்தலைன்னா தூக்கலாம். ரெண்டு பக்கமும் ஆள் நடக்கணும்."

டாக்டரம்மா என் கையைப் பிடித்திருந்ததால் நான் எழுந்து ஆடாமல் இருந்தேன்.

பொழுது சாய்வதற்குள் ஊர் வந்துவிட்டோம். மதினி பஸ் நிறுத்தத்திலேயே நின்றாள். உப்புப் போட்டுச் சாப்பிடச் சொல்லிவிட்டார்கள் என்று எப்படிச் சொல்வது? என் சட்டியை எடுத்து ஓரமாக வைத்துவிடுவாளே என்று மருமகள் முதுகுக்குப் பின்னால் ஒண்டினேன். மருமகள்தான் சொன்னாள். மதினி என் கையைப் பிடித்து அவள் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். இலையில் சோறு போட்டாள். உப்புச் சட்டியை எடுத்துவந்து தன் கையாலேயே அள்ளி இலை ஓரத்தில் வைத்தாள்.

"ஆத்தா என்ன, ஒன் சோத்த நக்கியா பாக்கப்போறா? தின்னுடி."

முதல் வாய்ச் சோறு. உப்பு நாக்கில் பட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. எத்தனை வருசமாக வராத தண்ணீர் அது! "என்னடி, உப்புக் கரிக்குதா?" என்றாள் மதினி. இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டேன்.

சொன்னபடி மறுபடி போய்க் காட்டினோம். ரத்தம் சரியாக இருந்தது. முளைப்பாரி அன்று சட்டியைச் சும்மாட்டில் வைத்தபோது முளை முழங்கை உயரம். வலப்பக்கம் மருமகள், இடப்பக்கம் மதினி. தலை சுற்றவில்லை, கால் ஆடவில்லை. கொட்டுக்காரர் கொட்டு ஏறின இடத்தில் எனக்குத் தெரியாமலே நாக்கு எழுந்தது. குலவை! என் குலவைதான். முதலில் கீச்சென்று உடைந்தது, அப்புறம் பிடித்துக்கொண்டது. அடுத்த தெருவுக்குக் கேட்டதா என்று தெரியாது. என் காதுக்குக் கேட்டது.

"இப்ப வந்திருக்கறது ஆத்தாளா, மாத்திரையா?" என்று மதினி காதோரமாகக் கேட்டாள்.

"நான்தான் மதினி" என்றேன்.

கண்மாயில் கரைத்துவிட்டுத் திரும்பும்போது மதினி பின்தங்கினாள். நானும் நின்றேன். குரலை இறக்கிக்கொண்டு கேட்டாள். "ஏத்தா, ஒன் பழைய மாத்திரை மிச்சம் கெடக்குல்ல? எனக்கு ரெண்டு தாயேன். ஒங்க அண்ணன் போனதுல இருந்து எனக்கும் ராத்திரி கண்ணு மூடல. யாருகிட்டயும் சொல்லல."

ஊரையே அதட்டுகிற மதினி. எனக்குத் திக்கென்றது. கேட்டவளுக்கு இல்லை என்று நான் சொன்னதே கிடையாது. அன்று சொன்னேன். "தர மாட்டேன் மதினி. அது என் உடம்புக்குப் பாத்துக் குடுத்தது. நீ என்கூட வா. வெள்ளிக்கெழமை போறேன்."

"எனக்கு அங்கன வரக் கூச்சமா இருக்கும்டி."

"எனக்குந்தான் இருந்துச்சு. வா."

வெள்ளிக்கிழமை வந்தாள். வாசலில் போட்டிருந்ததைப் படித்துவிட்டு நின்றாள். அவள் நின்ற இடமும் நான் அன்று நின்ற இடமும் ஒன்றுதான். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன். இப்போது அவளும் மருந்து சாப்பிடுகிறாள். என்னுடையது இல்லை, அவளுடையது. பழைய மாத்திரையிலிருந்து நான் முழுவதுமாக இறங்கியாயிற்று. மிச்சம் இருந்ததை ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்ட்டரிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இதை மருமகள் மதினிக்கு வாசித்துக் காட்டப்போகிறாள். அவள் கேட்டால் ஊரே கேட்ட மாதிரி. அதனால் ஒரு வேண்டுகோள். பழையதை முதலில் பாதியாக்கினார்களா, இல்லை புதுசை முதலில் தொடங்கினார்களா என்று எனக்கும் மருமகளுக்கும் இப்போதே வழக்காக இருக்கிறது. உப்பு, தண்ணீர் பற்றி எழுதியதும் என் காதில் விழுந்த மட்டுக்குத்தான். விவரம் தெரிந்த யாராவது இதை அந்த டாக்டரம்மாவிடமோ வேறு டாக்டரிடமோ காட்டி, தப்பாக இருப்பதை அடித்துத் திருத்திவிடுங்கள். குலவை போட்டதை மட்டும் அடிக்க வேண்டாம். அது சரியாகத்தான் ஞாபகம் இருக்கிறது.